புகையிரதமா, வாடகை வேனா?

உக்குவளையிலிருந்து குடும்பத்தோடு கண்டிக்குப் போக நினைத்தால், வேனா புகையிரதமா என்ற பேச்சு வீட்டில் எழும். செலவைக் கணக்கிடுமுன், யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.

1880இல் திறக்கப்பட்ட கண்டி-மாத்தளைப் புகையிரதப் பாதை நம் ஊரிலிருந்து வத்தேகம, கட்டுகஸ்தோட்டை வழியே கண்டிக்குச் செல்கிறது. டிக்கட் மலிவு, பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் கிடைத்தால் போதும். ஆனால், முழங்கால் வலியுள்ள உம்மம்மாவுக்குப் பெட்டியின் உயரமான படி பெரும் சிரமம். வேனோ வாசலுக்கே வரும்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டுப் புகையிரதப் பாதைகளைச் சேதப்படுத்தியது. ஆகவே, ரயில் ஓடுகிறதா என முதலில் நிலையத்தில் விசாரியுங்கள். வேன் என்றால் கூலியையும் காத்திருக்கும் நேரத்தையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

உம்மம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போய் மிச்சம் பிடிக்கும் பணம், ஒரு மிச்சமா? யோசியுங்கள்.