கேன் தண்ணீர்

வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. அந்த ஏரிக்கரை ஊரான காட்டுமன்னார்கோயிலுக்கு நானோ சாமியார்பேட்டையிலிருந்து கடல் தண்ணீரைக் கேன் கேனாக பைக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்க. தெருவில் என்ன பேசியிருப்பார்கள் என்று இப்போது ஊகிக்க முடிகிறது.

கல் பவளத்தின் பக்கம் போகவில்லை. 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன காவலோ அதற்கும் அதே காவல். நான் கொளத்தூர் மீன் கடையில் வாங்கியது அந்தப் பட்டியலில் வராத காளான் பவளம். உள்ளே கல் எலும்பு கிடையாது. வழவழவென்று ஒரு வட்டம், நடுவில் வாய். வாய்க்குக் குறுக்கே பிளேடு போட்டால் கோழை கோழையாக வடியும். பிறகு இரண்டு பாதியும் தனித்தனி உயிர். பொடிக்கல் நிரப்பிய கிண்ணத்தில், நீரோட்டம் அதிகம் படாத மூலையில் விட்டால் சில வாரத்தில் ஏதாவது ஒரு கல்லை அதுவே பிடித்துக்கொள்ளும். வெட்டுப்பட்ட ஓரம் உள்பக்கம் சுருண்டு, மெல்ல மெல்ல மறுபடி வட்டமாகிவிடும். அதைப் பார்த்த பிறகு எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

பொத்தான் பவளத்தில் சில வகைகளுக்குப் பாலிடாக்சின் என்கிற கொடும் நஞ்சு உண்டு, வெறுங்கையால் வெட்டக் கூடாது என்பதெல்லாம் தெரியும். உப்பு 1000 கிராம் தண்ணீருக்கு 35 கிராம், சூடு 26 டிகிரி. கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அப்படிக் கேட்டு வந்தவன்தான் அடுத்த தெருப் பையன், பாலிடெக்னிக் படிக்கிறவன். துண்டு 200 ரூபாய் என்று இரண்டு விற்றேன். கூடவே இலவசமாக அறிவுரை: “தொட்டில தண்ணி குறைஞ்சா கடல் தண்ணிதான் ஊத்தணும். நல்ல தண்ணி ஊத்திடாத, செத்துரும்.”

சித்திரை வெயிலில் தொட்டி சூடேறாமலிருக்க மேலே ஃபேன் வைத்திருந்தேன். தண்ணீர் மளமளவென்று குறைந்தது. கேனைச் சாய்த்துக்கொண்டே இருந்தேன். பவளங்கள் சுருங்கின. உப்பின் அளவைக் காட்டும் நீர் மானியைப் பார்த்தேன். முள் சரியான இடத்தில் நின்றது. விளக்கை மாற்றினேன், புது மோட்டார் வாங்கினேன். பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தில் கோமாளி மீனையே குஞ்சு பொரிக்க வைத்தார்கள்; கொஞ்ச தூரம்தான், போய் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்பதற்கு வாய் வரவில்லை. ஒவ்வொன்றாகக் கரைந்து, தொட்டி நாறியது.

பையனுடையதும் போயிருக்கும், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் அவன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சின்னத் தொட்டி. உள்ளே நான் கொடுத்த இரண்டு, நான்காகி, அகல விரிந்து கிடந்தன. ஒன்றின் விளிம்பில் பச்சை ஓடியது. நான் குனிந்தபடியே இருந்தேன். பக்கத்தில் இருபது லிட்டர் குடிதண்ணீர் கேன்.

“இதையா ஊத்துற?”

அவன் தலையைச் சொறிந்தான். “சாமியார்பேட்டைக்கு பெட்ரோல் கட்டுப்படி ஆவலண்ணே. நீங்க கோவிச்சுப்பீங்கன்னு சொல்லல.”

அடுப்படியிலிருந்து அவன் அம்மா சிரித்தார். “குழம்பு சுண்டுனா தண்ணிதானப்பா ஊத்துவோம்? உப்பா அள்ளிப் போடுவோம்?”

ஆவியாவது தண்ணீர் மட்டும். 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட, குறைந்ததற்கெல்லாம் கடல் தண்ணீர் ஊற்றினால் ஒரே மாதத்தில் 35 கிராம் 45-க்குப் போய்விடும். கணக்கை அங்கே நின்றபடியே போட்டேன். வீட்டுக்கு வந்து நீர் மானியைக் கழற்றினால் முள்ளெங்கும் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. அந்தக் கனத்தில் முள் ஏறாமல், அளவைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. சுடுதண்ணீரில் கழுவியிருந்தால் தெரிந்திருக்கும்.

தொட்டியைக் கழுவிப் புதிதாக நிரப்பிய பிறகு அவனிடமே போய் இரண்டு துண்டு கேட்டேன். பிளேடை எடுத்துக்கொண்டே, “துண்டு 250ண்ணே” என்றான். பேரம் பேசவில்லை.