காணாமல் போன நான்காவது றெக்கை

மே மாத வெயில். அக்கரைப்பேட்டையில் கடுவையாற்று ஓரம் படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஒரு படகில் பெயிண்ட் அடிக்கிறார்கள், இன்னொன்றில் பலகை மாற்றுகிறார்கள். என் மாமாவின் விசைப்படகில் வேலை எஞ்சின் ரூமுக்குள்.

ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தது. சும்மா ஓடும்போது சூடு ஏறாது. வலையை இறக்கி இழுக்கத் தொடங்கினால் கால் மணி நேரத்தில் முள் 100-ஐத் தொடும். மாமா இரண்டு மாதமாக வேகத்தைக் குறைத்தே இழுத்திருக்கிறார். வேகம் குறைந்தால் வலை சரியாக விரியாது, மீனும் கம்மி. அந்த இரண்டு மாதக் கடன் அவர் முகத்திலேயே தெரிந்தது.

மேஸ்திரி வந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார். "இழுக்கும்போது மட்டுமா, நிக்கும்போதுமா?" "எப்பலேர்ந்து?" "அதுக்கு முன்னாடி என்ன கழட்டினீங்க?" ஜனவரியில் கடல்தண்ணிப் பம்பின் இம்பெல்லர் கிழிந்து புதுசு போட்டதை மாமா சொன்னார். அதற்குப் பிறகும் சூடு அடங்காததால், வேறொரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டாராம்.

இந்த எஞ்சினில் இரண்டு தண்ணி ஓடுகிறது. ஒன்று கூலன்ட் கலந்த நல்லதண்ணி. எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். இன்னொன்று கடல்தண்ணி. படகின் அடியில் நுழைந்து, வடிகட்டி, பம்ப், ஆயில் கூலர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று போய்ப் பக்கவாட்டுக் குழாய் வழியே வெளியே கொட்டும். இரண்டும் கலப்பதில்லை, எக்ஸ்சேஞ்சரில் மெல்லிய குழாய்களின் சுவர்தான் நடுவே. சும்மா ஓடும் எஞ்சினுக்குக் கொஞ்சம் கடல்தண்ணியே போதும். வலையின் பாரம் ஏறும்போதுதான் பற்றாக்குறை தெரியும்.

எஞ்சின் ஆறிக் கிடந்ததால் முதலில் நல்லதண்ணித் தொட்டியின் மூடியைத் திறந்தார். சூட்டோடு திறந்ததன் தழும்பு அவர் முன்கையில் இருக்கிறது. எண்ணெய்ப் படலம் இல்லை. ஸ்டார்ட் செய்து பார்த்தோம், குமிழி கிளம்பவில்லை. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் இங்கேயே தெரிந்திருக்கும். பிறகு துப்பாக்கி போன்ற வெப்பமானியை எஞ்சினின் உறையில் காட்டினார். டேஷ்போர்டு முள் பொய் சொல்லவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1,200 ஆர்பிஎம்மில் எஞ்சினை ஓடவிட்டு, கடல்தண்ணி வெளியே விழும் இடத்தில் 15 லிட்டர் வாளியைப் பிடிக்கச் சொன்னார். நிறைய 26 விநாடி. "பாதித் தண்ணிதான் வருது" என்றார்.

கீழ்வால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறந்தோம். ஒரு பாலிதீன் துண்டு, கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். வால்வின் வாயில் கொட்டலசு இல்லை. பம்பின் இம்பெல்லர் புதுசாகவே இருந்தது. அப்போது சுவரில் ஆணியில் மாட்டியிருந்த பழைய இம்பெல்லர் அவர் கண்ணில் பட்டது. எடுத்து விரலால் எண்ணினார். பத்து றெக்கையில் நாலு இல்லை.

"அந்த நாலும் எங்கண்ணே?"

மாமாவிடம் பதில் இல்லை. புதுசு போட்ட அவசரத்தில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

ஆயில் கூலரின் மூடியைக் கழற்றியதும் மூன்று ரப்பர் துண்டுகள் குழாய்களின் வாயை அடைத்துக் கிடந்தன. மாமாவுக்கு அப்போதே முகம் மலர்ந்துவிட்டது, மூடிவிடலாம் என்றார். மேஸ்திரி அசையவில்லை. ஹோஸ் ஹோஸாகக் கழற்றி, விளக்கடித்து, விரல் விட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து, பம்பை விட்டு வெளியேறும் முதல் வளைவிலேயே நான்காவது துண்டு மடிந்து சிக்கியிருந்தது. ஓட்டத்தில் பெரும் தடை அதுதான் என்பது என் எண்ணம். மூன்றோடு நிறுத்தியிருந்தால் ஜூன் 15 அன்று கடலில் மறுபடி அதே முள், அதே 100.

எக்ஸ்சேஞ்சரையும் திறந்தார். குழாய்களின் உள்ளே வெள்ளைக் காறை. கடல்தண்ணி சூடேறினால் சுண்ணாம்புச் சத்து இப்படிப் படியும். 60 டிகிரியைத் தாண்டினால் வேகமாகவே படியும். தண்ணி குறைந்து ஓடியதால் அதிகம் சூடாகி, சூடானதால் காறை படிந்து, காறையால் இன்னும் தண்ணி குறைந்திருக்கிறது. கம்பியால் குத்தினால் குழாய் கீறும் என்று மூங்கில் குச்சியைச் சீவிக் கொடுத்தார். நானும் மாமாவும் மாலைவரை ஒவ்வொரு குழாயாகக் குத்தினோம். உள்ளே பென்சில் போல் நிற்க வேண்டிய துத்தநாகத் துண்டு அறவே கரைந்து, பித்தளை மூடி மட்டும் வந்தது. செம்புக் கலவைக் குழாய்களை உப்பு அரிக்காமல் தன்னைக் கொடுத்துக் காப்பது அதுதான். பாதி கரைந்ததுமே மாற்றியிருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைத் தேடி எடுத்து, டீ போடும் சட்டியில் அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டுத் தண்ணியைக் காய்ச்சினார். அதில் பொறித்திருந்தது 77. அந்தச் சூட்டுக்கு அருகில் வாய் திறந்தது. நல்ல நிலையில் இருக்கிறது. சூடானதும் அது முழுதாகத் திறந்து பக்கவழியை அடைக்கும்படிதான் இந்த எஞ்சினை வடிவமைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் சூட்டுத்தண்ணியில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமலே திரும்பும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டியிருக்கிறது. எத்தனை படகுகளில் இதையே செய்துகொண்டிருக்கிறார்களோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் காலை எல்லாவற்றையும் பூட்டி, காற்றடைப்பு இல்லாமல் தண்ணி நிரப்பினோம். வாளி 13 விநாடியில் நிறைந்தது. படகைக் கரையோடு இரட்டைக் கயிற்றில் கட்டி, கியர் போட்டு, வலை இழுக்கும் வேகத்துக்கு ஏற்றினார். கயிறு விறைத்தது. மாமா முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 80. 83. 84. நாற்பது நிமிஷம் அங்கேயே நின்றது.

மேஸ்திரி எஞ்சினை அணைத்துவிட்டு ஆணியைக் காட்டினார். "அங்கே ஒரு புது இம்பெல்லரும் கேஸ்கெட்டும் தொங்கணும். கடலுக்குப் போறதுக்குள்ள வாங்கி மாட்டிடுங்கண்ணே."