எந்தக் கியரில்?



நான் பிறக்குமுன் என் தகப்பனார் வாங்கிய டிராக்டர் இன்னும் அண்ணனிடம் இருக்கிறது. சென்ற வாரம் அதன் கியர் பெட்டியில் இரைச்சல் என்று மெக்கானிக்கை வரவழைத்திருந்தார், நானும் அங்கிருந்தேன். வந்தவர் ஸ்பானரைத் தொடவில்லை. சத்தம் எப்போது வருகிறது என்றே கேட்டார். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுக் கிளட்ச்சை மிதித்தார். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர் பெட்டியின் முன்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டுமாம். மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்ச் பேரிங்கை. இரண்டும் இல்லை. ஓட்டிப் பார்த்தார், இரண்டாம் கியரில் மட்டும் கரகரத்தது. வடித்த ஆயிலோ அளவுக்கு மிஞ்சித் தடித்திருந்தது. சத்தத்தை அமுக்க யாரோ ஊற்றியது. (அண்ணன் தரையைப் பார்த்தார்.) அதன் அடியில் நகத்தளவு இரும்புச் சில்லு. "பொடியாக வந்தால் தேய்மானம் ஐயா, இது பல் உடைந்தது" என்றார்.

நானோ, "எனக்குக் கோபம் அதிகம், ஆண்டவரே" என்று ஆண்டுக்கணக்காகப் பொதுப்படையாகவே ஜெபித்து வந்தவன். எப்போது வருகிறது என்று கேட்டுக்கொண்டதில்லை. உங்களோடு பேசுகையில் வருவதில்லை. பாகப்பிரிவினையில் தீராமல் நிற்கும் வரப்பைப் பற்றி அண்ணன் வாய்திறந்தால் மட்டும் வருகிறது. அதன்மேல் நானும் கெட்டியாகப் புன்னகையை ஊற்றி வைத்திருந்தேன். தன்னை ஆராயும்படி தாவீது கேட்கும் 139-ஆம் சங்கீதத்தை உங்களுக்கு எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்!

நாளை பெட்டியைத் திறக்கிறார்கள். நானும் போகிறேன். இம்முறை வரப்புப் பேச்சை நானே எடுக்க வேண்டும். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.