விளையாட்டு நேரத்தை எடுத்துக்கொண்டவள் நான்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் உறைவிட மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். நாளடைவில் கால அட்டவணை போடும் வேலையும் மாணவியர் விடுதிப் பொறுப்பும் என்னிடம் வந்தன. அந்த இரண்டு அதிகாரங்களையும் வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள், பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நிர்வாகம் கேட்டது மதிப்பெண். அதற்கான நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று தீர்மானித்தது நான். அதனால் பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை.

எப்படிச் செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் உண்டு. விடுதிப் பிள்ளைகளுக்கு மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை விளையாட்டு என்று விடுதி விதியிலும் அச்சடித்திருந்தோம். ஜூன் மாதம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஜூலையில், மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சொல்லி பி.டி. பீரியடில் ஸ்லிப் டெஸ்ட் வைப்பேன். காலாண்டுத் தேர்வுக்கு முன் வகுப்பு முழுவதையும் உட்கார வைப்பேன். அரையாண்டு வரும்போது பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மைதானம் என்பதே இருக்காது. மாலை ஒரு மணி நேரம் 'ஸ்பெஷல் கோச்சிங்' ஆகிவிடும். ஆனால் வகுப்பறைச் சுவரில் ஒட்டிய அட்டவணையில் 'பி.டி.' என்ற எழுத்து ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும். பார்வையிட வரும் அதிகாரி பார்ப்பது அதைத்தான்.

இதில் எனக்கே மிகவும் வெட்கமான பகுதி ஒன்று உண்டு. 2012-13 கல்வியாண்டில் முழுமையான தொடர் மதிப்பீடு என்ற முறை எட்டாம் வகுப்பு வரை வந்தது. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் வந்தது. பாட மதிப்பெண்ணோடு உடல்நலம், யோகா, உடற்கல்வி ஆகியவற்றுக்கும் தரநிலை எழுத வேண்டும். பிள்ளை ஒவ்வொன்றின் உடம்பையும் ஓர் ஆசிரியர் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்த ஏற்பாடு அது. எந்தப் பீரியடில் அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து முக்கோணவியல் நடத்தினேனோ, அதே பீரியடுக்கான கட்டத்தில் வரிசையாக 'ஏ' என்று எழுதினேன். ஓடவே விடாத பிள்ளைக்கு, நன்றாக ஓடுகிறது என்று சான்று கொடுத்தேன்.

மைதானம் இல்லாத பள்ளி என்றால் ஒரு காரணமாவது சொல்லலாம். எங்களிடம் மைதானம் இருந்தது. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஒருவர் வேண்டும் என்றும் சொல்கிறது. எங்களிடம் ஒரு பி.டி. சாரும் ஒரு பி.டி. மிஸ்ஸும் இருந்தார்கள். சட்டமும் இடமும் ஆளும் இருந்த ஊரில் நேரத்தை மட்டும் நான் இல்லாமல் செய்தேன்.

அந்த இருவரையும் நான் நடத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி 1920-இல் ஹாரி குரோ பக் என்பவரால் சென்னையில் தொடங்கப்பட்டது. நந்தனத்தில் இன்றும் நடக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரிதான் அது. இத்தனை நீண்ட மரபுள்ள படிப்பைப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு நான் கொடுத்த வேலை என்ன? காலையில் வாசலில் நின்று தாமதமாக வருபவர்களைப் பிடிப்பது, முடி வெட்டாதவர்களைக் கண்டுபிடிப்பது, பஸ் டியூட்டி, பிரேயரில் வரிசையைச் சரி செய்வது, ஆசிரியர் வராத வகுப்பில் போய் உட்காருவது. பிள்ளைகளுக்குப் பந்தையும் கயிற்றையும் கொண்டு வர வேண்டியவர்களைப் பிள்ளைகள் பார்த்து ஓடும் ஆட்களாக ஆக்கினேன். பி.டி. சார் ஒருமுறை, "மேடம், எனக்கு அந்த ரெண்டு பீரியட் மட்டும் குடுத்துடுங்க, வேற எந்த டியூட்டி வேணும்னாலும் பாக்கறேன்" என்று கேட்டார். "ரிசல்ட் வரட்டும் சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். ரிசல்ட் ஒவ்வோர் ஆண்டும் வந்தது. நான் பார்க்கவில்லை.

ஊரிலிருந்து வந்து போகும் பிள்ளைகளுக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். கவரைப்பேட்டையிலிருந்தும் எளாவூரிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்த பிள்ளைகளுக்கு நான் பி.டி. பீரியடை மறுத்தாலும் வீட்டுக்குப் போனதும் தெரு இருந்தது. தெருவில் ஒரு டென்னிஸ் பந்தும் உடைந்த மட்டையும் இருந்தன. விடுதிப் பிள்ளைகளுக்கு அது இல்லை. அப்பா உருக்காலையில் ஷிஃப்ட், அம்மா வேறொரு கம்பெனியில் ஷிஃப்ட், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சேர்த்தவர்கள் உண்டு. ஆந்திராவின் தடா, சூலூர்பேட்டை பக்கத்திலிருந்து தமிழில் படிக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளின் இருபத்துநான்கு மணி நேரமும் எங்கள் கையில் இருந்தது. காலை ஐந்து மணிக்கு எழுப்பினோம். ஸ்டடி, வகுப்பு, கோச்சிங், மறுபடி ஸ்டடி, இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்தோம். இதற்கு நடுவில் அவர்கள் கை காலை வீசி நடப்பது வகுப்பறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான். ரிவிஷன் டெஸ்ட் இருக்கிறது என்று எந்த விடுதியும் இரவுச் சாப்பாட்டை நிறுத்துவதில்லை. வளரும் உடம்புக்குச் சாப்பாடு எப்படியோ ஓட்டமும் அப்படித்தான். அதை நிறுத்த எனக்குக் கை கூசவில்லை.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்கிறது. உலகெங்கும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை என்று அந்த நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். இந்த எண்ணிக்கைக்குள் இருக்கும் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால், இல்லை என்று என்னால் சாட்சி சொல்ல முடியும். ஓட ஆசைப்பட்ட பிள்ளைகளை உட்கார வைத்தவள் நான்.

மாணவியர் விடுதியில் நான் செய்தது இன்னும் மோசம். பையன்களாவது ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டு ஒரு மணி நேரம் வாலிபால் வாங்கிக்கொள்வார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டிய பெண்களை நான் மைதானத்துக்கு விடுவதே அபூர்வம். வெயிலில் கறுத்துவிடுவாள் என்று ஓர் அம்மா சொன்னால் போதும், எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். மாதவிலக்கு நாளில் விளையாடக் கூடாது என்று நானே சொல்லியிருக்கிறேன். அது அறிவியல் இல்லை என்று தெரிந்தும் சொன்னேன். சுடிதாரில் ஓட முடியவில்லை என்றபோது டிராக் பேன்ட் வாங்கச் சொல்லாமல் ஓட வேண்டாம் என்றேன். விடுதியின் நோயாளிப் பதிவேட்டில் தலைவலி, வயிற்றுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை என்று திரும்பத் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாத்திரை கொடுத்தேன். இரவில் அறைக்குள் நடந்த சண்டைகளுக்குத் தண்டனை கொடுத்தேன். நாள் முழுக்க அடைத்து வைத்த உடம்பு வேறு எப்படிப் பேசும் என்று யோசிக்கவில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் மட்டும் எல்லோரையும் மைதானத்துக்கு விடுவோம். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும். ராக்கெட் மேகத்துக்குள் மறைந்த பிறகும் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்ப மாட்டார்கள். ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு மைதானம் முழுக்க ஓடுவார்கள். பிளஸ் டூ பெண்கள்கூட ஓடுவார்கள். அவர்களை உள்ளே விரட்ட நான் விசில் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். குறுவட்டப் போட்டியில் 800 மீட்டரில் முதலாவதாக வந்தாள். எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஓடி வந்த முதலிடம் அது. அடுத்தது வருவாய் மாவட்ட அளவிலான குடியரசு தினத் தடகளப் போட்டி. அன்றைக்கு எங்கள் பள்ளியில் தேர்வு. பி.டி. மிஸ், அவளைப் போட்டிக்கு அனுப்ப அனுமதி கேட்கும் ஓ.டி. படிவத்தைக் கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. "நூறு மீட்டர் ஓடினா இன்ஜினியரிங் சீட்டு கிடைக்குமா?" என்று அந்தப் பெண்ணின் முன்னாலேயே கேட்டேன். அவள் எந்த ஓட்டத்தில் ஜெயித்தாள் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கிய ஒரு சிறுவனுக்குள் உயரம் தாண்டும் திறமை இருப்பதைக் கண்டவர் அவன் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அந்த மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். எல்லோரும் பதக்கம் வாங்கப் போவதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளையின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு பெரியவருக்கு ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும். அந்த ஆசிரியரின் பீரியடைக் கணக்கு மிஸ் எடுத்துக்கொண்டிருந்தால் அங்கேயும் ஒன்றும் நடந்திருக்காது.

ஏன் செய்தேன்? கெட்ட எண்ணம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. பாதி பயம், பாதி பெருமை. ஷிஃப்ட் வேலை பார்த்துக் கட்டணம் கட்டும் பெற்றோருக்கு மதிப்பெண்தான் பதில் என்று உண்மையாகவே நம்பினேன். என் வகுப்பில் எத்தனை சென்டம் என்று பேசப்படுவதும் எனக்குப் பிடித்திருந்தது. 2017-இல் அரசு பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்தியபோது என் கை தளர்ந்திருக்கலாம். ஆனால் அதே ஆண்டு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பள்ளிகள் நடத்தாமல் விடுவதைத் தடுக்கத்தான் அதைக் கொண்டு வந்தார்கள். நானோ அதையே இன்னொரு வகுப்பின் விளையாட்டு நேரத்தையும் எடுத்துக்கொள்ளக் காரணமாக்கினேன். 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கிவிட்டது. அந்தக் காரணமும் இன்று யாருக்கும் இல்லை.

இத்தனையும் மதிப்பெண்ணுக்காக என்றால், அதாவது கூடியதா? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் பள்ளிப் பிள்ளைகளின் உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு பற்றிய 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் பாதிக்கு மேற்பட்ட முடிவுகளில் உடற்பயிற்சி படிப்புக்கு உதவியாக இருந்தது. மீதியில் ஏறக்குறைய எல்லாமே எந்த மாற்றமும் இல்லை என்றன. படிப்பைக் கெடுத்தது என்று காட்டியவை மிக மிகச் சொற்பம். அமெரிக்கா எதற்கு? உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் 1962 முதல் அமராவதிநகர் சைனிக் பள்ளி நடக்கிறது. அதுவும் உறைவிடப் பள்ளிதான். காலையில் பி.டி., மாலையில் விளையாட்டு. அந்தப் பிள்ளைகளும் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள், தேசியப் பாதுகாப்பு அகாதமியின் தேர்வையும் எழுதுகிறார்கள். என் பீரியட் நாற்பது நிமிடத்தைப் பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு கழித்தார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் நம்பவில்லை.

நம்ப வைத்தது ஒரு பழைய மாணவி. கும்மிடிப்பூண்டி பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து பேசினாள். போலீஸ் வேலைக்கு எழுதியிருந்தாளாம். "ரிட்டன்ல நல்ல மார்க் மிஸ். கிரவுண்டுலதான் போயிடுச்சு" என்றாள். பெண்களுக்கான உடல்தகுதித் தேர்வில் 400 மீட்டர் ஓட வேண்டும். அவளால் முடிக்க முடியவில்லை. என்னைக் குறை சொல்லும் எண்ணமே அவளிடம் இல்லை. கணக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் கொடுத்தது அவளைத் தேர்வு அறை வரை கொண்டு போயிருந்தது. நான் எடுத்துக்கொண்டது வேலையைப் பறித்துவிட்டது. அவளுடைய ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டிலும் உடற்கல்விக்கு 'ஏ' என்றுதான் இருக்கும், என் கையெழுத்தில்.

2024 குழந்தைகள் தின விழாவில் துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின், கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.டி. பீரியடை வாங்கிக்கொள்ள வேண்டாம், முடிந்தால் தங்கள் பீரியடை விளையாட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மேடையிலிருந்து சொல்லும் அளவுக்கு ஊரறிந்த பழக்கம் இது. ஆனால் அட்டவணை எழுதும் கைகள் ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்றிரண்டுதான். அவர்களில் ஒருத்தியாக இருந்தவள் என்ற முறையில் இப்போது அந்த இடத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பி.டி. பீரியடைக் கடைசிப் பீரியடாகப் போடாதீர்கள், அதைத்தான் முதலில் எடுப்போம். மழை நாளுக்கு வராந்தாவில் யோகாவோ ஸ்கிப்பிங்கோ என்று அட்டவணையிலேயே எழுதுங்கள். ஓ.டி. படிவத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைப் பாட ஆசிரியரிடம் கொடுக்காதீர்கள். நடக்காத வகுப்புக்குத் தரநிலை எழுதாதீர்கள்.

விடுதியில் பிள்ளையை விட்டிருக்கும் பெற்றோருக்கும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும்போது மார்க் கேட்பதற்கு முன், இந்த வாரம் எந்தெந்த நாள் விளையாடினாய், என்ன விளையாடினாய் என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லத் தயங்கினால் நேராக வார்டனிடம் போய்க் கேளுங்கள். நான் அந்த நாற்காலியில் இருந்த காலம் முழுவதும் ஒரு பெற்றோர்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். கேட்காமலே நிறுத்தியிருக்க வேண்டியவள் நான் என்பதையும் மறைக்கவில்லை. என்னிடம் படித்தவர்கள் இதைப் படித்தால், உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.