கன்னியர் மடத்திலிருந்து ஸீறாவுக்கு

17 வயதில் கன்னியர் மடம் புகுந்து, ஏழாண்டுகள் மன்றாடியும் இறைவன் தமக்கு எட்டவில்லை என்ற ஏக்கத்துடன் 1969இல் வெளியேறிய ஒரு பெண்மணிதான், பின்னாளில் நம் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். இங்கிலாந்தின் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1944இல் பிறந்த கேரன் ஆம்ஸ்ட்ராங் அவர்.

மடத்திற்குப் பின்னரும் அவர் வாழ்வு எளிதாகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் அவர் எழுதிய முனைவர் ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. மனநோய் என்று கருதப்பட்டு வந்த துன்பம், வலிப்பு நோய் என 1976இல்தான் கண்டறியப்பட்டது. ஆசிரியப் பணியும் நிலைக்கவில்லை. பவுலைப் பற்றிய தொலைக்காட்சித் தொடருக்காக ஜெரூசலம் சென்றபோதே இஸ்லாம் ஓர் உயிருள்ள மார்க்கமாக அவர் கண்ணில் பட்டது.

1988இல் சல்மான் ருஷ்தியின் நாவல் வெளிவந்தது. மறு ஆண்டு ஈரானிலிருந்து ஃபத்வா. பிரிட்டனில் நம் மார்க்கத்தின்மீது ஏளனம் பெருகிய அந்நாள்களில்தான், மேற்குலகத்தார் நம்பிப் படிக்கத்தக்க ஒரு நூல் வேண்டுமென அவர் எழுதத் துணிந்தார். 1991இல் அது வெளியாயிற்று. முதல் அத்தியாயம் மக்காவில் தொடங்கவில்லை. 850ஆம் ஆண்டு குர்துபாவின் கடைத்தெருவில், பெருமானாரை ஏசிய ஒரு கிறித்தவத் துறவியிடம் தொடங்குகிறது. நபிகளாரை அறிமுகம் செய்யுமுன், தம் மக்களின் வெறுப்புக்கு வயது எத்தனை என்று அவர் கணக்குப் பார்க்கிறார். நம்மவர் எழுதிய சில நூல்களில்கூட இத்தகைய நேர்மையை நாம் கண்டதில்லை.

எனினும் பிணக்குகள் உண்டு. அவற்றை மறைத்து நூலைப் புகழ்வது முறையன்று. உலமாக்கள் பலர் ஆதாரமற்றதென ஒதுக்கிய கரானீக் கதைக்கு அவர் மிகுதியாக இடமளிக்கிறார். வஹீயைக் கவிஞர்களின் படைப்பெழுச்சியோடு ஒப்பிடுகிறார். குர்ஆன் அல்லாஹ்வின் கலாம் என்று ஈமான் கொண்ட நம்மால் இதை ஏற்கவியலாது. இத்தனை எழுதியும் கலிமா சொல்லவில்லையே என்று நம்மில் சிலர் வருந்துகின்றனர்; ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் உள்ளது.

கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் இந்நூலை எப்படியும் எங்கேனும் எதிர்கொள்வர். ஆகவே இஷாவுக்குப் பின் ‘ரஹீக்’ நூலை அருகில் வைத்துக்கொண்டு, இதையும் வீட்டிலேயே சேர்ந்து வாசிக்கிறோம். ஐயம் எழும் இடங்களில் மகள் பென்சிலால் கோடிட்டு வருகிறாள். மஹல்லா ஆலிமிடம் கேட்பதற்கென அவள் குறித்து வைத்த வினாக்கள் இரண்டு பக்கங்களைத் தாண்டிவிட்டன.