கடைசிக் கையெழுத்தைப் பார்

மாப்பிள்ளை, வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம் கட்டப் போவதாகச் சொன்னாய். சந்தோஷம். சாக்ரமென்டோ வெயிலில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டியதுதான். ஆனால் மூன்று கான்ட்ராக்டர்களின் கொட்டேஷனை அனுப்பி, “இதில் எது நல்ல விலை மாமா?” என்று கேட்டாயே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. விலையை அப்புறம் பேசலாம். இந்த மூவரும் இதுவரை கட்டிய குளங்களுக்கு வாங்கிய பர்மிட்டுகள் என்ன ஆயின என்று முதலில் பார்.

லைசென்ஸ் பார்த்துவிட்டேன் என்பாய். நல்லதுதான். கலிஃபோர்னியாவில் நீச்சல்குளத்துக்கென்றே சி-53 என்ற உரிமம் இருக்கிறது. சி.எஸ்.எல்.பி. என்கிற மாநில உரிம வாரியத்தின் தளத்தில் எண்ணைப் போட்டால் 25,000 டாலர் பாண்டு, தொழிலாளர் காப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் வரும். அதே பக்கத்தில் உரிமத்துக்குப் பொறுப்பான ஆட்களின் பெயரும் இருக்கும்; அவர்கள் முன்பு வேறு பெயரில் கம்பெனி நடத்தினார்களா என்றும் பார்த்துவிடு. ஆனால் உரிமம் சொல்வது தொழில் செய்யத் தகுதி உண்டு என்பதை மட்டும். எடுத்த வேலையை முடிக்கிற ஆளா என்பது நகராட்சியின் அல்லது கவுண்டியின் பர்மிட் பதிவேட்டில்தான் தெரியும்.

நான் பொதுப்பணித் துறையில் கற்ற பாடம் இது: மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறையப்போகிற வேலையை, மறைவதற்கு முன்னால் யார் பார்த்தார்கள் என்று கேள். குளத்துக்குக் குழி தோண்டி, கம்பி கட்டி, குழாய் போட்டதும் இன்ஸ்பெக்டர் வர வேண்டும். குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பார். கம்பிக்கூடு, ஏணி, கைப்பிடி, பம்பு மோட்டார் எல்லாம் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். இணைப்பு விட்டுப்போனால், எங்காவது மின்கசிவு வரும் நாளில் தண்ணீரில் இருப்பவர் உடம்பு வழியாக மின்சாரம் பாயலாம். கான்கிரீட் அடித்த பிறகு அதை யாரும் பார்க்க முடியாது. உடைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் அந்த ஒரு நாளின் கையெழுத்தை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்.

பல ஊர்களில் பதிவேட்டை வீட்டிலிருந்தே பார்க்கலாம். கான்ட்ராக்டர் பெயரைப் போட்டுத் தேட முடியாத ஊரில், அவர் கட்டிய வீடுகளின் முகவரியைக் கேட்டு வாங்கித் தேடு. முகவரி தரத் தயங்குகிறவரை அங்கேயே விட்டுவிடு. பதிவேட்டில் ஒரு பர்மிட் ‘ஃபைனல்’ ஆகியிருந்தால் வேலை முடிந்து கடைசிச் சோதனையிலும் தேறிவிட்டது என்று பொருள். ‘எக்ஸ்பயர்ட்’ என்றிருந்தால், வேலையைத் தொடங்காமலோ, முடிக்காமலோ, சோதனைக்குக் கூப்பிடாமலோ காலாவதி ஆகிவிட்டது. ஒன்று அப்படி இருந்தால் காரணம் கேட்கலாம்; வீட்டுக்காரரே பணமில்லாமல் நிறுத்தியிருக்கலாம். நாலைந்து இருந்தால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. சோதனையில் ஒருமுறை திருத்தம் சொன்னதைப் பெரிதாக்காதே. நல்ல கொத்தனாருக்கும் அது நடக்கும். ஒவ்வொரு வீட்டிலும் அதே குறை எழுதியிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

“பர்மிட்டை நீங்களே உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள், செலவு குறையும்” என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் வேண்டாம். உன் பெயரில் எடுத்தால் பொறுப்பு முழுவதும் உன் தலையில்தான். அவருடைய பெயரும் பதிவேட்டில் ஏறாது.

இதெல்லாம் காகித வேலை என்று நினைக்காதே. அமெரிக்காவில் ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகள் இறப்பதற்கு முதல் காரணமே நீரில் மூழ்குவதுதான். 2002இல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுக் குழந்தை, தொட்டியின் அடிவடிகால் உறிஞ்சிப் பிடித்ததால் மூழ்கி இறந்தாள். அவள் தாய் போராடி, 2007இல் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. கலிஃபோர்னியாவில் வீட்டுக் குளத்துக்கு வேலி, மூடி, அலாரம் போன்ற ஏழு பாதுகாப்புகளில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அவை இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஃபைனல் போடுவார்கள். ஃபைனல் ஆகாத குளத்தில் அதை யாரும் சரிபார்த்ததாகச் சொல்ல முடியாது. உன் சின்னவளுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை.

முன்பணமாக 1,000 டாலர் அல்லது மொத்தத்தில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்க இங்கே பொதுவாகச் சட்டம் இடம் தராது, நீயும் தராதே. கடைசித் தவணை ஃபைனல் ஆன பிறகுதான் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல். சிமெண்ட் கொடுத்தவருக்கும் கம்பி கட்டியவருக்கும் பணம் போய்ச் சேர்ந்ததற்கு எழுத்தில் விடுவிப்பு வாங்கிக்கொள். இல்லையென்றால் நீ பணத்தைக் கொடுத்து முடித்த பிறகும் அவர்கள் உன் வீட்டின் மேல் வில்லங்கம் போடலாம்.

மூவரின் லைசென்ஸ் எண்ணையும் அவர்கள் கட்டிய வீடுகளின் முகவரியையும் வாங்கி வை. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.