அருவிக்குப் போட்ட வேலி



கல்லூரியில் வரலாறு பயின்ற நாட்களில் நயாகரா அருவியின் உயரத்தையும் அகலத்தையும் மனனம் செய்தேன். அதன் கரை யாருக்குச் சொந்தம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் என் மாணவனாகிய சிறுவன் ஒருவன், "அந்த அருவியைப் பார்க்கக் காசு வாங்குவார்களா, ஹஜ்ரத்?" என்று கேட்டான். விடை தேடியபோது நான் வியந்து போனேன்.

ஆம், ஒரு காலத்தில் வாங்கினார்கள்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பக்கத்துக் கரை முழுவதும் தனியார் வசமிருந்தது. ஆலைகள் நெருங்கி நின்றன. வேலிகள் காட்சியை மறைத்தன. காசு கொடுத்தவருக்கே அருவி தெரிந்தது. ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் போன்றோர் இதற்கெதிராகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தனர். 1883ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலம் சட்டமியற்றியது. ஏறத்தாழ 14 இலட்சம் டாலர் செலவில் 400 ஏக்கருக்கும் மேற்பட்ட இடத்தைப் பெற்று, 1885 ஜூலை 15 அன்று அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது.

பூங்காவை மேம்படுத்துவதென்றால் நீரூற்று, சிலை, வண்ண விளக்கு என்றே நானும் எண்ணியிருந்தேன். ஆனால் ஓம்ஸ்டெட்டும் கால்வெர்ட் வாக்ஸும் 1887இல் அளித்த திட்டமோ வேறு வகையானது. அவர்கள் கட்டியதை விட அகற்றச் சொன்னதே அதிகம். ஆலைகளும் கடைகளும் அகல வேண்டும். கரையில் மரஞ்செடிகள் மீண்டும் தழைக்க வேண்டும். நடந்து வருபவருக்கே முதலிடம் தர வேண்டும். அருவிதான் அங்கே காட்சி. மற்றவை அதற்கு வழிவிட வேண்டியவை.

திட்டம் தீட்டுவது ஒருமுறை; காப்பதோ நாள்தோறும் செய்ய வேண்டிய பணி. நியூயார்க்கின் மாநிலப் பூங்காக்களைப் பல்லாண்டு தலைமையேற்று நடத்தியவர் ராபர்ட் மோசஸ். மக்களுக்கெனப் பல பூங்காக்களையும் கடற்கரைகளையும் உருவாக்கியவர். அவர் பெயரால் 1960களில் நயாகரா ஆற்றோரமாகவே பெருஞ்சாலை ஒன்று அமைந்தது. ஊர் மக்களுக்கும் ஆற்றுக்கும் இடையே அதுவே புதிய வேலியாயிற்று! அரை நூற்றாண்டு கழித்து, 2010களில், அதன் பகுதிகளைப் பெயர்த்தெடுத்து நடைபாதையும் புல்வெளியும் ஆக்கத் தொடங்கினார்கள்.

எண்ணிப் பாருங்கள்! முதல் வேலியைப் போட்டது பேராசை. இரண்டாவதைப் போட்டது, நன்மை செய்கிறோம் என்ற நம்பிக்கை. முன்னதை நாம் எளிதில் இனங்கண்டு எதிர்த்து விடுவோம். பின்னதற்கோ மாலையணிவித்துத் திறப்பு விழாவும் எடுத்து விடுவோம்.

அச்சிறுவனிடம், "இப்போது பூங்காவில் நுழையக் கட்டணமில்லை, வண்டி நிறுத்துதல், படகில் ஏறுதல் போன்றவற்றுக்கே காசு" என்றேன். "அப்படியானால் நடந்து போகிறவர் பார்க்கலாம்" என்று மகிழ்ந்தான். பொதுச்சொத்தைத் திட்டமிடும் எவரும் நினைவில் கொள்ள வேண்டியவர், நடந்து வரும் அந்த ஒருவரே அல்லவா?